குருவி இன்னும் முடிக்கவில்லை

கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். மத்தியானம் முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்தது. பெஞ்சுகளில் தண்ணீர் தேங்கி நின்றது, கம்பிவேலி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் ஸ்கேட்போர்டு ஓட்ட வருகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, அந்தக் காங்கிரீட் பள்ளத்தின் அடியில் நிற்கிற தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுப் பழந்துணியால் துடைப்பது. அதற்காகவே கண்ணாடிக்காரி வாளியும் துணியும் தூக்கி வந்திருந்தாள். யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இந்த வாரம் வெளிக்கதவின் சாவி அவளிடம்தான் இருந்தது. பூட்டை இப்போதுதான் அவளே திறந்தாள்.

இந்தத் துடைக்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் செய்கிறவன் குருவி. குருவி செத்து ஐந்து மாதம் ஆகிறது.

"இவ்ளோ ஆழமா? இதுக்குள்ளயா குதிச்சுக்கிட்டுக் கெடந்தான்?" என்றாள் பின்னால் நின்ற குருவியின் அம்மா.

பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை அவளுக்கு. நேராக அங்கிருந்து வந்திருந்தாள், கைமுட்டியில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. போன வாரம் போன் செய்து, "அவன் விழுந்த எடத்த ஒரு தடவ பாக்கணும்மா. நீ ஓட்டுறதயும் பாக்கணும். கடைசியா அவன்கூட இருந்தவ நீதானே" என்று கேட்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுத்ததாலேயே கண்ணாடிக்காரியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

கிண்ணம் என்று இவர்கள் சொல்வது உண்மையில் இரண்டு பள்ளம். முன்பள்ளம் இடுப்பளவு. அதிலிருந்து குறுகலான ஒரு வளைவு வழியாகப் பின்பள்ளத்துக்கு இறங்கினால் ஒன்றரை ஆள் உயரம். முன்விளிம்பில் நிற்பவருக்குப் பின்பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டலாம். சக்கரச் சத்தம் நின்றால் அவர் முறை முடிந்தது, அடுத்தவர் இறங்கலாம். எழுதி வைக்காத சட்டம் இது.

அன்றைக்குச் சத்தம் நின்றது. அவள் இறங்கினாள். குருவி முடித்திருக்கவில்லை, பின்பள்ளத்தின் விளிம்பில் பதித்த இரும்புக் குழாய்மேல் பலகையை ஏற்றி, மூச்சுப் பிடித்து ஒரு நொடி அசையாமல் நின்றிருந்தான். அவ்வளவுதான். அவன் சரிந்து வந்த வேகத்தில் இவள் குறுக்கே போய் நின்றாள், விலகப் பார்த்தவன் தலைகீழாய் விழுந்தான். வேறு யாரும் அங்கே இல்லை. "அவனே சறுக்கிட்டான்மா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அந்தப் பொய்யை நம்பி அந்த அம்மா அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். இன்றைக்கு வரைக்கும் அந்த ஈரம் தோளைவிட்டுப் போகவில்லை.

"கண்ணாடி எங்கம்மா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

"மெஷின்மேலயே வச்சிட்டு வந்துட்டேன். பரவால்ல, சத்தம் கேட்டாப் போதும்."

அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்ததே இவள்தான், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவதுதான் இவள் பிழைப்பு, கண்ணாடிக்காரி என்ற பெயரும் அதனால் வந்ததுதான். அது இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் யார் முகமும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அப்பாடா என்று இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, பூங்கா விளக்குகள் இன்னும் எரியவில்லை. அவள் பலகையின் வாலை விளிம்பில் வைத்து, முன்காலை ஊன்றி, உடம்பை முன்னால் கொடுத்து இறங்கினாள். ஈரச் சிமெண்ட் வாடையும் முகத்தில் மோதுகிற குளிர்ந்த காற்றும் உள்ளங்காலில் ஏறுகிற நடுக்கமும் ஐந்து மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தன. வளைவைத் தாண்டிப் பின்பள்ளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் ஏறி, திரும்பி, மறுபடி முன்பள்ளத்துக்கு வந்தபோது, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்றுகூடத் தோன்றியது.

இரண்டாவது சுற்றில்தான் அந்த இன்னொரு சத்தம் கேட்டது.

எதிரொலி என்று நினைத்தாள். இங்கே எப்போதும் எதிரொலி உண்டு, சக்கரத்துக்கு அரை நொடி பிந்தி வரும். இது பிந்தவில்லை. அவள் திரும்புமுன் திரும்பியது. அவள் ஏறாத சுவரில் ஏறியது.

நிமிர்ந்து பார்த்தாள். குருவியின் அம்மா விளிம்பு ஓரமாகவே நடந்து பின்பள்ளத்தின் மேலே வந்து நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு. பார்வை இவள்மேல் இல்லை. இவளுக்கு நாலடி பின்னால். இவள் போன பிறகு அந்தத் தலை மெதுவாகத் திரும்பியது, ஊசியோடு துணி நகர்வதைப் பார்க்கிற மாதிரி, இம்மி பிசகாமல்.

காலை ஊன்றி நின்றாள். பலகை நழுவி வளைவுப் பக்கம் உருண்டு போய்ச் சாய்ந்தது. பின்பள்ளத்தின் அடியில் அவள் மட்டும் நின்றாள்.

சத்தம் நிற்கவில்லை.

சுவரைச் சுற்றி வந்தது. இடது பக்கம். முதுகுப் பக்கம். வலது பக்கம். அவள் கண்ணுக்குக் காங்கிரீட்தான் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று முழங்காலை உரசிக்கொண்டு போனது. பிறகு சரேலென்று எதிர்ச்சுவரில் மேலேறியது.

நின்றது.

தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட இல்லை. முடிந்துவிட்டது, ஓடிவிடலாம். அவள் இந்தப் பக்கச் சுவரில் ஓடி ஏறினாள். வழுக்கியது. மறுபடி ஏறினாள். குருவியின் அம்மா விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"தூக்கிவிடுங்கம்மா!"

அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். தூக்கவில்லை.

"அம்மா, நான் வேணும்னு செய்யல. சத்தம் நின்னுடுச்சும்மா. அதான் எறங்கினேன். சத்தியமா..." சொல்லிவிட்டாள். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அழுதாள்.

"தெரியும் கண்ணு." குரலில் கோபமே இல்லை. "அவசரப்படாத. அவன் இன்னும் முடிக்கல."

"விடுங்கம்மா! கைய விடுங்க!"

விடவில்லை. நாளெல்லாம் கத்தரி பிடிக்கிற கை அது. சுவரோடு வயிறு ஒட்டி, கால் தரையில் பாவாமல் அவள் தொங்கினாள். அம்மாவின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. இவள் தோளுக்கு மேலாக எதிர் விளிம்பையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன அந்தக் கண்கள். அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ரொம்ப நாள் கழித்து வீட்டு வாசலில் பிள்ளை வந்து நின்றால் ஒரு தாயின் முகம் எப்படி ஆகுமோ அப்படி.

"இப்ப வா ராசா" என்றாள்.

முதுகுக்குப் பின்னால், உயரத்தில், நான்கு சக்கரங்கள் சுவரில் இறங்கின.