முந்திக்கொண்ட சிரிப்பு

வெள்ளிக்கிழமை மாலையானால் குமுதா தன் காட்சிக்கண்ணாடியையும் கணவர் ஞானசேகருடையதையும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த பழைய டிவியைத் துடைத்து ஆன் செய்வாள். வாரத்தின் மற்ற நாட்களில் அந்த டிவிக்கு வேலை கிடையாது. சென்னையில் பாதி வீடுகளில் இப்போது டிவியே கிடையாது.

காட்சிக்கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதை யாரும் ஏன் கழற்றுவதில்லை என்பது புரியும். காதுக்குப் பின்னால் ஒட்டுப்பொட்டு அளவில் சிரிப்புமானி என்று ஒரு கருவி ஒட்டியிருக்கும்; கண்ணாடியைக் கழற்றினாலும் அது காதிலேயே இருக்கும். சிரித்தால் தாடை எலும்பு அதிரும், மூச்சு துண்டு துண்டாக வெளியேறும். இரண்டையும் அது உணர்ந்து, எண்ணிக்கையில் சேர்த்ததும் பச்சையாக ஒருமுறை மின்னும். எதற்குச் சிரித்தீர்கள் என்ற தகவல் கண்ணாடிக்குப் போகும். கண்ணாடி அங்கேயே கதையைத் திருப்பிவிடும். வழுக்கி விழுபவரைப் பார்த்துச் சிரித்தீர்களா, அடுத்த காட்சியில் மூன்று பேர் வழுக்கி விழுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மாமியார் நகைச்சுவைதான் பிடிக்கும் என்றால், அதே தொடரில் அவருக்கு யாரும் விழமாட்டார்கள், மாமியார்தான் வருவார்.

இதற்கு இசைவுக் காட்சி என்று பெயர். ஒரே சோபாவில் நான்கு பேர் நான்கு கதை பார்த்து, நான்கு வெவ்வேறு நேரத்தில் சிரிப்பார்கள். 'நேத்து பாத்தியா?' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டுப் பயனில்லை, அவர் பார்த்தது வேறு.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடும் நகைச்சுவைத் தொடர் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஒரு பிடிவாதமான நாடகக் குழு எடுத்த அந்தத் தொடரின் பெயர் 'மேலதானே போறீங்க?'. ஒன்பது மாடிக் குடியிருப்பு, ஓடாத லிஃப்ட். முதல் மாடித் திருப்பத்தில் யார் மூச்சு வாங்க நின்றாலும் பங்கஜம் மாமி கதவைத் திறந்து, "மேலதானே போறீங்க?" என்று கேட்டு, மாவு வாளியையோ கேஸ் சிலிண்டரையோ கையில் கொடுத்துவிடுவார். அது மேல்மாடியில் இருக்கும் அவர் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். சங்கச் செயலாளர் குப்புராஜ் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்."

குமுதாவுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு ஞானசேகருக்குச் சொந்தமாக வாக்கியம் அமைக்க வரவில்லை. கேட்பது புரியும், நினைப்பதும் தெளிவாக இருக்கும். வாய் திறந்தால் ஒன்றும் வராது. ஆனால் மூளை, புதிதாக வாக்கியம் கட்டும் வேலையை ஓரிடத்திலும், பலமுறை கேட்டுப் பழகிய வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கும் வேலையை வேறிடத்திலும் செய்கிறது. அவருக்கு முதலாவது சேதமாகியிருந்தது, இரண்டாவது தப்பித்திருந்தது. அதனால் அவர் அந்தத் தொடரின் வசனங்களிலேயே பேசினார். குமுதா சமையலறைப் பக்கம் நடந்தால் "மேலதானே போறீங்க?" என்பார்; தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். உப்புமாவைக் கண்டால் "கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்."

ஒருநாள், "எப்பங்க பழையபடி பேசுவீங்க?" என்று அவள் தாங்கமாட்டாமல் கேட்டபோது, "லிஃப்ட் ஆளு நாளைக்கு வர்றானாம்" என்றார். அதுவும் குப்புராஜ் வசனம்தான். இருவரும் சிரித்து, பிறகு குமுதா மட்டும் அழுதாள்.

வாரம் ஒரு அத்தியாயம் வந்தால், அன்று இரவே அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு அவருக்கு இரண்டு மூன்று புது வாக்கியங்கள் கிடைக்கும். இசைவுக் காட்சியில் அது கிடைக்காது. அங்கே எந்த வசனமும் இரண்டாம் முறை வராது.

அந்தத் தொடரை நிறுத்தப்போவதாக ஒளிபரப்பிய அலைவரிசை அறிவித்தது. காரணம் ஒரே வரி: சிரிப்பு அடர்த்தி, அதாவது நிமிடத்துக்கு எண்ணப்பட்ட சிரிப்பு, நாட்டிலேயே மிகக் குறைவு.

ரசிகர் மன்றத்தை நடத்தியவள் கீழ்வீட்டு ரஹ்மத், பள்ளியில் கணக்கு ஆசிரியை. வேறு அலைவரிசைகளின் வாசல்களில் அவள் ஏறி இறங்கினாள். எல்லோரும் அடர்த்தி எண்ணைப் பார்த்தார்கள், டீ கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

"சரி, நம்மளே ஏத்துவோம்க்கா" என்றாள் ரஹ்மத். அந்த வெள்ளிக்கிழமை மன்றத்தார் அத்தனை பேரும், ஜோக் வந்ததோ இல்லையோ, தொண்டை வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்புமானிக்கு வேண்டுமென்றே சிரிப்பது தெரியும்; பொய்ச்சிரிப்பில் தாடை ஆடும், மூச்சு அறுபடாது. அத்தனையையும் மோசடி என்று கழித்துவிட்டது. அடர்த்தி இன்னும் கீழே போனது.

"எங்க வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்னு நெனச்சு ஓடி வந்தாரு" என்றாள் ரஹ்மத். "அதுதான் மிச்சம்."

கடைசி அத்தியாயம் வந்தது. குமுதாவுக்கு டிவியைப் பார்க்க மனம் வரவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கூரியர்காரர் முதல் மாடியில் நின்று ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். ஞானசேகர் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் காதுக்குப் பின்னால் பச்சை மின்னவில்லை.

கருவி பழுது என்று நினைத்தாள். கதவு திறந்தது, பங்கஜம் மாமி கிரைண்டரோடு வந்தார். அதற்குள் ஞானசேகரின் சிரிப்பு அடங்கிப் புன்னகையாகியிருந்தது. அப்போதும் மின்னவில்லை. ஆனால் எதிர்பாராமல் அந்தக் கூரியர்காரர், "என் பையில இருக்கறதே கிரைண்டர்தாம்மா" என்று சொன்னதும் ஞானசேகர் வெடித்துச் சிரித்தார். பச்சை மின்னியது.

குமுதா அத்தியாயத்தை மறுபடி ஓட்டினாள். பிறகு ரஹ்மத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் காதைப் பார்த்தாள்.

"என்னக்கா, தோடு தொலைஞ்சுதா?"

"நீ சிரி. நான் பாக்கறேன்."

ஷூ லேஸில் ரஹ்மத்தும் சிரித்தாள். பச்சை வரவில்லை.

"நீ கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சிட்ட, ரஹ்மத்."

"அப்புறம்? மாமி வரப்போறாங்கன்னுதான் தெரியுமே!"

"நமக்குத் தெரியும். இந்தப் பொட்டுக்குத் தெரியாதே."

விஷயம் அவ்வளவுதான். மனிதர்கள் தொலைபேசியில் பேசும்போதும் குழந்தை கிச்சுகிச்சு மூட்டும்போதும் சிரிப்பார்கள். அவற்றைக் கழிப்பதற்காக, நகைச்சுவைக்குப் பிறகு வரும் சிரிப்பை மட்டும் எண்ணும்படி கருவியை அமைத்திருந்தார்கள். முன்னால் வருவது தொடர்பில்லாத சத்தம். இசைவுக் காட்சிக்கு அது சரியான ஏற்பாடு. ஒவ்வொரு காட்சியும் அப்போதுதான் பிறக்கிறது, யாராலும் முந்திச் சிரிக்க முடியாது. ஆனால் பழகிய ஒன்றை நேசிப்பவர்கள் முந்திக்கொள்வார்கள். எவ்வளவு நேசிக்கிறார்களோ அவ்வளவு முந்துவார்கள். நாட்டிலேயே அதிகம் நேசிக்கப்பட்ட தொடர் நாட்டிலேயே குறைந்த எண் வாங்கியது அப்படித்தான். எல்லோரும் கண்ணாடிக்குள் இருந்ததால், அடுத்தவர் காதில் விளக்கு மின்னுகிறதா என்று பார்க்க ஆளில்லை.

இதைச் சொன்னால் எந்த அலைவரிசை நம்பும்? கண்ணாடியே இல்லாத இடம் வேண்டும். குமுதா தினமும் வேலைக்குப் போகும் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகள் நினைவுக்கு வந்தன. ஆட்டத்தில் தலைசுற்றும் என்று படகில் கண்ணாடிக்குத் தடை. முன்பக்கம் ஒரு பெரிய திரை, அதில் அடுத்த படகுத்துறையின் பெயர் மட்டும் ஓடும்.

படகுச் சேவை அதிகாரி திலகராஜ் அலுத்துப்போனவர். "இசைவுக் காட்சியைப் போட்டுப் பாத்தாச்சும்மா. எண்பது பேருக்கும் பிடிக்கணும்னு அது திணறி, கடைசியில ஒரு பூனை தும்முறதையே காட்டிக்கிட்டிருந்துது. உங்க தொடரோட எண்ணைப் பாத்தேன். பூனையே தேவலை."

"ஒரு காட்சி மட்டும் போடறேன் சார்" என்றாள் குமுதா.

மன்றத்தார் அவர் அறைச் சுவரோரம் நின்றார்கள். ஞானசேகருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கூரியர்காரர் ஏறினார், நின்றார், குனிந்தார். குமுதா படத்தை அங்கேயே நிறுத்தினாள். அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. ஒரு பச்சைகூட மின்னவில்லை.

திலகராஜ் உறைந்து நின்ற படத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுமே நடக்கலையே. எதுக்குச் சிரிக்கிறாங்க?"

ஞானசேகர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். தன் துணிப்பையை அதிகாரி கையில் வைத்து, கேட்டார்: "மேலதானே போறீங்க?"

வாசலில் நின்ற பியூன் பெண்மணி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடினாள். "சார், நானும் பாக்கறேன் சார்" என்றாள்.

திலகராஜ் பையைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்தார். "இன்னொண்ணு போடுங்க" என்றார். அடுத்ததில் மருத்துவர் ஒருவர் படியேறினார், அதற்கடுத்ததில் மாப்பிள்ளை வீட்டார். நான்காவதில் லிஃப்ட் பழுதுபார்ப்பவரே வந்து முதல் மாடியில் நெற்றி வியர்வையைத் துடைக்க நின்றார். கதவு இன்னும் அசையக்கூட இல்லை.

திலகராஜ் சத்தமாகச் சிரித்தார்.

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். "மின்னுச்சா?"

"இல்ல சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் பொறியாளரை அழைத்து, நகைச்சுவைக்கு முன்பே வந்ததால் கழித்துப்போட்ட சத்தங்களையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னார். வரைபடத்தின் கோடு திரையின் உச்சியைத் தாண்டிப் போய், பொறியாளர் அளவுகோலை இருமுறை சுருக்க வேண்டியிருந்தது. "இதைப் படகுல போடறோம்" என்றார் திலகராஜ். ரஹ்மத், தான் கணக்கு ஆசிரியை என்பதை மறந்து மேசையில் தாளம் போட்டாள்.

மழைக்காலம் முடிந்து கால்வாய் நிரம்பியிருந்த ஒரு காலையில் அதே நாடகக் குழு புதிதாக எடுத்த முதல் அத்தியாயம் படகுகளில் ஓடியது. குப்புராஜ் கட்டடத்துக்குள் வந்தார். லிஃப்டில் விளக்கு எரிந்தது! பழுது பார்த்துவிட்டார்கள். அவர் பெருமையாக உள்ளே ஏறி, பங்கஜம் மாமி வீட்டைத் தாண்டி ஒன்பதாம் மாடிக்குப் போய், கைகளைத் தட்டிக்கொண்டு நின்றார். லிஃப்ட் கதவு திறக்கும் முன்பே சிரிப்பில் படகு அதிரத் தொடங்கியது. படகோட்டி எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். கதவு திறந்தது. வெளியே மாமியின் மகள், கையில் அதே வாளிகள், அதே சிலிண்டர், கிரைண்டர்.

"கீழதானே போறீங்க?"

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. படகு இரண்டாம் முறை வெடித்தது. முகம் தெரியாதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் தினமும் குமுதா கணவரை அழைத்துக்கொண்டு ஏறினாள்; அதே அத்தியாயம்தான் ஓடியது. ஒருநாள் திருவான்மியூர் துறையில் இறங்கும்போது படகின் படிக்கட்டு ஈரமாக இருந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் பை. பின்னால் ஏதோ எடுக்கத் திரும்பிய குமுதா பதறி ஓடிவருவதற்குள், ஞானசேகர் முன்னால் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் பையை நீட்டினார்.

"கீழதானே போறீங்க?"

பக்கவாதம் வந்த பிறகு முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் பேசி, கேட்டவருக்கு அது புரிந்தது அதுவே முதல் முறை. அந்தப் பெண் கண் விரியப் பார்த்தாள். பிறகு குப்புராஜ் மாதிரியே தாடையைத் தடவிக்கொண்டு, "கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்" என்றாள். சொல்லிக்கொண்டே பையை வாங்கித் தோளில் மாட்டி, மறுகையை அவருக்கு நீட்டினாள்.

பின்னாலிருந்து யாரோ, "சிலிண்டர் இருக்கான்னு பாத்து வாங்கும்மா!" என்று குரல் கொடுத்தார்கள். துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசேகர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மேலே படகில் நின்ற குமுதாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாய் திறப்பதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.