விடிலி அடுப்புக்கு அடியில

தாச்சியில கொதிக்கிற பதனிக்கு நட்டநடுவுல ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் கொதிக்கவே மாட்டேங்கு. கெசியாவும் காஞ்ச ஓலையத் தள்ளித் தள்ளிப் பாக்கா, சுத்திச் சுத்தி நொர பொங்கி, ஆமணக்கு முத்தத் தட்டிப் போட்டு அமத்துத அளவுக்குத் தளதளன்னு வருது, அந்த ஒரு எடம் மட்டும் கெணத்துத் தண்ணி கணக்கா அசையாமக் கெடக்கு. ஜார்ஜ் ராசாவுக்குப் பட்டங்கட்டுன வருசம், சாத்தாங்கொளத்துக்குத் தெக்க பனங்காட்டுல, பதனி காய்ச்சுத விடிலிக்குள்ள, பட்டப்பகல்ல.

"மாமி, இங்கன வந்து பாருங்களேன்."

"ஏட்டி, தீயெரிக்கத் துப்பில்ல, தாச்சியக் கொற சொல்லுதியோ?"

மாமியாக்காரி சாரம்மா இருக்காளே, ஞாயித்துக்கெழமையானா வெள்ளச்சேல உடுத்தி, கோயில்ல எல்லாருக்கும் முன்னால உக்காந்து, ஊரே திரும்பிப் பாக்க ஞானப்பாட்டு படிப்பா. மகன் அப்பாத்துரை அதுக்கும் மேல. நாப்பது பனை ஏறுவான், ஆத்தா முன்னால வாயத் தொறக்க மாட்டான். ஆம்பிளையாம்! தை மாசம் கெசியாவுக்கு அஞ்சு மாசக் கரு கலைஞ்சுபோச்சு. ஞானஸ்நானம் வாங்காததுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னு உபதேசியார் கைய விரிச்சுட்டாரு. எங்க வச்சீங்கன்னு இவ கேட்டதுக்கு, "எங்கனயோ வச்சாச்சு"ன்னுட்டான் அந்தப் புருசன்.

அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வயித்துல இன்னொண்ணு தங்கணும். தங்கலைன்னா தாய் வீட்டுக்குப் பத்தி விட்டுருவேன்னு சாரம்மா சொல்லிட்டா.

அன்னிக்குத் தாச்சி நடுவுல ஏன் கொதிக்கலன்னு இவ விடாமக் கேக்கவும், சாரம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னா:

"புதுப் பானையில வச்சு இந்த அடுப்புக்குக் கீழதாம்ட்டி பொதச்சேன். சூடு ஆறாம இருந்தாத்தான் போனது அதே வயித்துக்குத் திரும்பி வரும். எங்க ஆத்தா காலத்து வழி. உபதேசியார்ட்ட ஒளறிட்டுத் திரியாத."

"ஐயோ மாமி, தோண்டி எடுத்துருவோம்."

"எடு. பொறவு மலடின்னு பேரும் எடு."

எடுக்கல. அது மேலயே தெனமும் தீயெரிச்சா. சித்திரையில நாள் தள்ளிப்போச்சு. சாரம்மாவுக்கு வந்த பவுசப் பாக்கணுமே, என்னமோ அவளே கர்த்தர்ட்ட கேட்டு வாங்கியாந்த மாதிரி!

ஆனா கொதிக்காத எடம் பெருசாயிட்டே வந்துது. தீ அமந்தாச் சாம்பலுக்கு அடியில ஒரு சத்தம், கன்னுக்குட்டி மடியில முட்டிச் சப்புத மாதிரி. கருப்பட்டி வாசனைக்குள்ள பச்சப்பால் வாடை. புருசன்ட்ட சொன்னா. "பெருச்சாளியா இருக்கும்"னுட்டுப் பனையில ஏறிட்டான் அந்தச் சூரன்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம். சாரம்மா செபக்கூட்டத்துக்குப் போயிட்டா. கெசியா தீயத் தணிச்சா. மம்பட்டிய எடுத்தா. திரும்பி வந்தது வயித்துல இருக்குன்னா, பானை வெறும் பானையாத்தான இருக்கணும்? அத ஒருதரம் பாத்துட்டாப் போதும். சாம்பல். செம்மண்ணு. பானை வாய்.

அவ்வளவு நாள் தீயெரிஞ்ச எடம். பானை சில்லுன்னு இருந்துது.

மூடிய நவட்டுனா.

வெறும் பானை இல்ல.

கையளவுப் பிஞ்சத்தான் பொதச்சாங்க. இப்ப பானை நெறைய இருக்கு. முடி. நகம். மடக்குன காலு. வாய்க்குள்ள பெருவெரலு.

கெசியா வயித்தப் பிடிச்சா.

உள்ள பிள்ள உருண்டுது. மொத அசைவு.

பானைக்குள்ள, பைய, அது புரண்டு படுத்துது.