ஆர்விட்டின் ஈர ஷூ

1971ஆம் ஆண்டு கோடையில், ஜெர்மனியின் பான் நகரத்து எங்கள் வீட்டுக்கு ஓர் ஓட்டக்காரர் சாப்பிட வந்தார். பெயர் ஆர்விட். ஆராய்ச்சிக்கூடத்தில் அப்பாவோடு வேலை பார்த்த நார்வேக்காரரின் தம்பி. மறுநாள் ரைன் நதிக்கரையில் நெடுந்தூர ஓட்டப் போட்டி. அதுதான் அவருடைய கடைசி ஓட்டம்.

என் அக்கா சியாமளாவுக்கு அப்போது பதினொரு வயது. அவரைப் பற்றி எல்லாம் அவளுக்குத் தெரியும். சிறு வயதில் தன் தீவில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடியவர். பிறகு நாடு நாடாகப் போய் ஓடி நார்வேக்குப் பதக்கங்கள் வாங்கித் தந்தவர். செய்தித்தாளில் வந்த அவர் படத்தை அக்கா தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஆற்றோரம் பயிற்சி முடித்து, சேற்று ஷூவோடு வந்தார் ஆர்விட். எங்களைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார். ரசம் குடித்துக் கண் கலங்கினார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

கிளம்பும்போது பார்த்தால், எங்கள் செருப்புகள் இருந்தன. அவர் ஷூவைக் காணோம்!

"ஐயையோ! நாளைக்கு வேற ஷூ போட்டுக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"புது ஷூ கடிக்கும்மா. அதைப் போட்டுட்டு அவ்வளவு தூரம் ஓடவே முடியாது" என்றாள் அக்கா.

"போலீசுக்கு போன் பண்ணட்டுமா?" என்றார் அப்பா.

அக்கா குனிந்து படியைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"அப்பா, இந்த வாரம் மாடிப்படி கழுவுற முறை யாரோடது?"

"மேல் வீட்டு கெல்லர் அம்மாவோடது."

"அப்போ திருடன் அவங்கதான்!" என்றேன் நான்.

"சும்மா இருடா, அசோகா!" என்றாள் அம்மா.

மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், கெல்லர் அம்மா வீட்டுப் பால்கனியில் பளபளவென்று சொட்டிக்கொண்டிருந்தது ஷூ.

"இவ்வளவு சேற்றோடு படியில் வைக்கலாமா? நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன்!" என்றார் பெருமையாக. யாருடைய ஷூ என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பரவாயில்லை, அழகாக இருக்கிறது. உங்களிடம் பழைய செய்தித்தாள் இருக்கிறதா?" என்று கேட்டாள் அக்கா. மழையில் நனைந்த ஷூவுக்குள் தாளைத் திணித்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். அது பள்ளியில் எங்கள் வழக்கம்.

கெல்லர் அம்மாவிடம் இருந்த தாள் ஒரு கால் ஷூவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய தாளெல்லாம் முந்தின நாள்தான் பழைய தாள் சேகரிப்புக்காகப் பள்ளிக்குப் போயிருந்தது.

அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போய்த் தலையணையைத் தூக்கினாள்.

ஆர்விட் அப்பாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஷூவைக் கையில் ஏந்திப் போனார்.

காலையில் ஓட்டம் தொடங்கும் இடத்தில் அக்காவைத் தேடி வந்தார்.

"ராத்திரி முழுக்க என் முகத்தை ஷூவுக்குள் அடைத்துவிட்டாயே!" என்று கசங்கிய தாளைக் காட்டிச் சிரித்தார். "ஆனால் ஷூ நன்றாகக் காய்ந்துவிட்டது."

அன்று அவர் மூன்றாவதாக வந்தார். "யாருடைய ஷூ இப்படி மின்னுகிறது, பாருங்கள்!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் கெல்லர் அம்மாதான்.

ஆர்விட் அந்தத் தாளை நீவி, 'என்னோடு ஓடிய சியாமளாவுக்கு' என்று எழுதிக் கொடுத்தார்.

அக்கா இப்போது இல்லை. தாள் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. "படம் ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது?" என்று வருபவர்கள் கேட்பார்கள்.

"கசக்கினது என் அக்கா!" என்பேன், தலையை நிமிர்த்தி.