பாத்திக்கு வைத்த சிலிப்பர் கட்டைகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலி எதற்கு, படலை எதற்கு என்று தெரியாது. யுத்தம் தொடங்கினதோடு இருந்த கொஞ்ச வெட்கமும் போய்விட்டது. ஒருவன் வளவுக்குள் இன்னொருவன் கேளாமல் புகுந்து முருங்கைக்காய் ஆய்கிறான், கேட்டால் பல்லைக் காட்டுகிறான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண் அயர்ந்து எழும்பிப் பின்வளவுக்குப் போன ஸ்ரனிஸ்லாஸ் அப்படித்தான் நினைத்தார். கீரைப் பாத்திக்கு அணையாகக் கிடக்க வேண்டிய, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டை ஒன்று, கடற்கரையையும் றெயில் பாதையையும் பார்த்த படலையடியில் குறுக்கே கிடந்தது.

றெயில் பாதையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவர், கடைசிப் பதினாலும் கங்காணியாக. எழுத்தென்றால் தன் பெயரை மட்டும் கீறத் தெரியும். சிலிப்பர் கட்டையைப் பற்றி அவருக்குப் படிப்பிக்க ஆள் பிறக்கவில்லை. தார் எண்ணெய் ஊறின மரம் அது. கறையானையும் கொல்லும், கவனமில்லாவிட்டால் மனுஷனையும் கொல்லும். கால்வாய் வளைவில் கழற்றி ஒதுக்கின பழைய கட்டைகளை உச்சி வெயிலில் பழந்துணியால் அழுத்தித் துடைத்து, கறுப்பு ஒட்டாத எட்டை மட்டும் எடுத்தார். அறுத்தால் உள்ளேயிருக்கிற எண்ணெய் கசியும் என்று வாளே வைக்கவில்லை. மண்ணோடு முட்டாமல் உட்பக்கம் தகரம் கொடுத்து, கீரையை ஒன்றரை முழம் தள்ளி விதைத்தார். தெறித்த சிலாம்பைக்கூட அடுப்பில் வைக்கக் கூடாது, புகை நெஞ்சை அரிக்கும் என்று மகள் யோசெப்பினுக்குச் சொல்லி வைத்தார்.

அப்படிப் பார்த்து எடுத்த, வற்றி நரைத்த கட்டை, இப்போது வேர்த்திருந்தது. கறுப்பாக, துளித்துளியாக, ஓடி வந்த மனுஷனின் முதுகு மாதிரி.

பக்கத்து வீட்டுக் கிளறன்ஸ், கோட்டையில் கிளார்க், அன்று லீவில் நின்றவன், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன கங்காணியார், கட்டையை உலாத்த விட்டிருக்கிறியள்?"

"நீதானே இழுத்தனீ?"

"நானோ? நாலு பேர் தூக்கிற சாமான். தேங்காய் துருவவே என்ர மனிசி என்னைத்தான் கூப்பிடுறவள், அவளோட சேர்ந்து இதைத் தூக்கினதெண்டு சொல்லுறியளோ?"

ஸ்ரனிஸ்லாஸ் அவனை நம்பவில்லை. இரும்பு அலவாங்கைக் கொடுத்து நெம்பி, கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பழைய இடத்தில் சேர்த்தார். உள்ளங்கை இரண்டிலும் தார் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சவர்க்காரத்தால் கழுவினார். போகவில்லை. வெயில் பட்ட இடத்தில் தோல் எரிந்தது.

புதன்கிழமை இரண்டு கட்டைகள்.

அவற்றுக்கு நடுவில் காலடியை வைத்து அளந்தார். இரண்டரை அடி. ஒரு விரல்கூடப் பிசகில்லை. பாதையில் கட்டைக்குக் கட்டை விடச் சொல்லி, அவருடைய ஆட்களுக்கு அவரே அடித்து அடித்துப் பழக்கின அளவு. முதலாவது படலையடியில், இரண்டாவது அதற்கு இப்பால், வீட்டைப் பார்த்து.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வந்துபோன பொம்பிளையின் நினைப்பு வந்தது. அருள்நாயகி. அவருக்குக் கீழே பாதையில் வேலை செய்து செத்துப்போன பற்றிக்கின் பெண்சாதி. பூசை முடிந்து கொட்டாஞ்சேனையிலிருந்து நேரே வந்திருந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"கங்காணியார், பன்னிரண்டு வருஷமா அவர் சேமக்காலை மதிலுக்கு வெளியில புதைபட்டுக் கிடக்கிறார். தானா றெயில் கோச்சிக்கு முன்னால பாய்ஞ்சவனுக்கு மந்திரிச்ச மண் இல்லையாம். பங்குச் சுவாமியிட்ட நீங்க உண்மையைச் சொன்னால் உள்ளுக்கு எடுப்பினம்."

"அண்டைக்கு விசாரணையில சொன்னதுதான் உண்மை."

"அவர் பாய்ஞ்சதைக் கண்டனீங்களோ?"

"வெயில் ஏற முன்னம் வீட்டை போ பிள்ளை."

படலை மட்டும் போனவள் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. "நான் இனி வரமாட்டன். அவரே வரட்டும்."

பாயவில்லை என்று ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியும். கால்வாய் வளைவில் கடல் இரைச்சல் கோச்சிச் சத்தத்தை விழுங்கிவிடும். அதனால் கொடிக்காரன் ஒருவன் காவல் நிற்க வேண்டும். அன்று கொடிக்காரனைச் சுருட்டு வாங்கக் கடைக்கு அனுப்பியது அவர். பற்றிக், தண்டவாளத்தில் குனிந்து, கல் இறுக்கிக்கொண்டிருந்தான். விசாரணையில் துரை கேட்டபோது, "அவனுக்கு வீட்டுப் பிரச்சினை, தானாப் பாய்ஞ்சான்" என்று சொல்லி, காட்டின இடத்தில் பெயரைக் கீறிவிட்டு வந்தார். பென்சனும் வந்தது.

வியாழன், நாலு கட்டைகள்.

வெள்ளி, ஆறு. திருப்பி வைக்கக் கை விடவில்லை. கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. அணை போன பாத்தி சரிந்து, கீரையெல்லாம் கருகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. வளவு முழுக்கத் தார் மணம். அதோடு இரும்பு உரசின மணம். சோற்றிலும் அதுவே. தண்ணீரிலும்.

"பப்பா, சுவாமியிட்டப் போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள் யோசெப்பின். "அண்டைக்கு அந்த அக்கா சொன்னதை நானும் கேட்டனான்."

"மரத்துக்குப் பயந்து சொன்னதை மாத்தச் சொல்லுறியோ? போடி."

சனிக்கிழமை அவர் கண் அயரவில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு, அலவாங்கை மடியில் வைத்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு கட்டைகள் வரிசையாக வந்திருந்தன. பாத்தியில் மிச்சம் ஒன்று. காற்றில்லை. காகமில்லை. வெயில் மட்டும்.

உள்ளே கோப்பைகள் கிணுகிணுத்தன.

"பப்பா, கோச்சி வருதோ? தட்டெல்லாம் ஆடுது."

"இந்த நேரத்தில ஏது கோச்சி?" என்று சொல்லத் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கையில் எட்டாவது கட்டை அவர் காலடியில். வேர்த்தபடி. படியை முட்டியபடி.

கதிரை நடுங்கியது. அலவாங்கு நடுங்கியது.

"சுவாமியிட்டச் சொல்லுங்கோ பப்பா! இப்பவே!"

எழும்பினார். அலவாங்கை எறிந்தார். "எவனோ என்னோட விளையாடுறான். அவனை ஆரெண்டு பாக்கிறன்" என்று சொல்லி, வீட்டுக்குள்ளால் நடந்து, முன்வாசலைத் திறந்து, ஒழுங்கையில் இறங்கினார். காலி வீதி என்கிற பெருந்தெருவுக்குப் போகிற சின்ன ஒழுங்கை. கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தார்.

ஒழுங்கை முழுக்க மணல். காலில் மணல் படவில்லை.

பலகை மாதிரி ஏதோ. இரண்டரை அடி. மறுபடி பலகை. இரண்டரை அடி. கால் தானாக அளந்து வைத்தது. குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் நம்ப வேண்டி வரும்.

கடல் இரைந்தது. இவ்வளவு தூரம் வந்தும் இரைச்சல் குறையவில்லை. கூடியது.

எதிரே, அரை நாள் வேலை முடிந்து குடையோடு வந்த கிளறன்ஸ் நின்றான். அவனுடைய கண் ஸ்ரனிஸ்லாஸின் முகத்தில் இல்லை. அவர் தலைக்கு மேலால், பின்னால், உயரத்தில். குடை விழுந்தது. மதிலோடு முதுகை ஒட்டினான். வயிற்றை எக்கினான். இரண்டு கையையும் விரித்து வீசினான். வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. கடல் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

விசரன், என்று நினைத்தார் ஸ்ரனிஸ்லாஸ்.

குதிகாலில் சூடு பட்டது. பின்னால் வந்த காற்று முதுகுச் சட்டையை முன்னுக்குத் தள்ளியது. அவருடைய நிழலை விழுங்கிக்கொண்டு பெரிய நிழலொன்று ஒழுங்கையை நிரப்பியபடி முன்னே ஓடியது.

அவர் காறித் துப்பினார். அடுத்த கட்டையில் காலை வைத்தார்.