பானெட்டில் பத்து விரல்கள்

வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

தொட்டியில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இலைப்பச்சை நிறம். பின்னால் சாமான் ஏற்றும் நீளமான திறந்த பெட்டி. உறுமல் இல்லை, புகை இல்லை... பூனை மாதிரி சத்தமே போடாமல் வந்து நின்றிருக்கிறது.

ஏழு மாதம். இந்த மின்சார பிக்கப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து ஏழு மாதம். 'அடுத்த வாரம் மேடம்', 'மாசக் கடைசி மேடம்' என்று ஷோரூம் பெண் சொல்லிச் சொல்லி, கடைசியில் இவளே அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டாள். வீட்டோடு ஒட்டிய தன் நர்சரியின் முன்புறத்தில் வண்டி நிற்கப்போகும் இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் அப்பாவைக்கூட நடக்கவிடாமல் காவல் காத்தவள்.

ஓடினாள். மண் கையோடு பானெட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள். பிறகு கன்னத்தையும் வைத்தாள்.

"வந்துட்டியாடா செல்லம்... எத்தனை நாள் ஏங்க வச்சிட்ட..."

அதோடு விட்டிருந்தால் மானம் பிழைத்திருக்கும். விடவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள்.

"ஏங்க..."

கண்ணைத் திறந்தாள். கதவுப் பக்கம் ஒருவன் நின்றிருந்தான். தோளில் கருவிப் பை, கையில் அட்டைப் பெட்டி.

"தப்பா நினைச்சுக்காதீங்க... இது எங்க கம்பெனி வண்டிங்க. உங்க வண்டி இன்னும் வரல."

"பச்சை..."

"எல்லாரும் பச்சைதான் கேக்கறாங்க."

வாயை ஒழுங்காக மூடிக்கொண்டுதான் நின்றான். கண்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மழையில் நனைந்த மரப்பட்டையின் நிறம் அவற்றுக்கு. உள்ளே சிரிப்பு முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"ஹாரன் வேலை செய்யுதான்னு பாத்தேன்," என்றாள் அவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"செய்யுங்க. கட்டிப்பிடிச்சா அடிக்காது. அமுக்கணும்."

அவள் இறங்கினாள். பானெட்டில் பத்து விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன. துடைக்கப் போனவளை, "பரவால்லங்க, விடுங்க," என்று தடுத்துவிட்டான்.

சார்ஜர் பொருத்த வந்தவன் அவன். சுவரில் பெட்டியை மாட்டி, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வீட்டு எர்த்தை மீட்டர் வைத்துச் சோதித்து, காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிடங்கைவிட்டுக் கிளம்பும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து போகாவிட்டால் வண்டி வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்புறம் இன்னும் நாலு மாதம். இன்றைக்குச் செவ்வாய். திங்கட்கிழமை காலையில் புதிய அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு முந்நூறு செடி கொண்டுபோய் இறக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். வாடகை வேன்காரர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்.

ஆக, அவளுடைய தலையெழுத்து இப்போது இந்த மரப்பட்டைக் கண்ணனின் கையெழுத்தில் இருந்தது.

சுவரில் பெட்டி ஏறியது. இரண்டு இரும்புக் கம்பிகளைத் தரையில் தள்ளித் தள்ளி அடித்து, வயர் இழுத்து, மீட்டரை எர்த் குழியில் கோர்த்தான். பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"எர்த் சரியில்லீங்க. அஞ்சு ஓமுக்குக் கீழ இருக்கணும். பத்தொம்பது காட்டுது."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது.  அப்பா... முப்பத்திரண்டு வருடம் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே 'வயர்மேன் ஐயா' என்றுதான் கூப்பிடும்.

"எந்த எர்த் சரியில்ல தம்பி?"

"இதுதாங்க ஐயா."

"அது நான் போட்டது."

அவன் கொஞ்சம் விழித்தான். ஆனால் பின்வாங்கவில்லை. "இருக்கலாங்க. பத்தொம்பது காட்டுது."

"உன் மீட்டர் பழுது."

"காலையிலதான் சரிபார்த்து எடுத்துட்டு வந்தேங்க. பக்கத்துல புதுசா ஒரு குழி போட்டுட்டா போதும். ரெண்டு மணி நேர வேலை."

"என் எர்த்துக்குப் பக்கத்துல இன்னொரு எர்த்தா?" அப்பாவின் மீசை துடித்தது. "கரியும் உப்பும் என் கையால கொட்டி, ஆள் உயரத்துக்குக் குழாய் இறக்கினேன் தம்பி. நான் உயிரோட இருக்கறவரைக்கும் இங்க வேற எவனும் மண்வெட்டி வைக்க முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் அவனை ஓரமாகக் கூட்டிப்போனாள். "ஒரு கையெழுத்துதானே... போட்டுட்டுப் போங்களேன். நான் பாத்துக்கறேன்."

"மழை நாள்ல, ஈரக் கையோட அந்த சார்ஜர் வயரை யார் பிடிக்கப்போறாங்க?"

"நான்தான்."

"அதனாலதாங்க போட மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் எட்டிப் பார்த்தது... அதை அதட்டி உள்ளே அனுப்பினாள்.

'பெரிய நியாயவான். மீட்டரே உருவா வந்து நிக்குது.'

அன்றிரவு முழுக்க அவனைத் திட்டினாள். திட்டுவதற்காகத்தான் நினைத்தாள் என்று தனக்குத்தானே சொல்லியும்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அப்பாவே அவனுக்கு ஃபோன் போட்டார். "வந்து இன்னொரு தடவை பாரு தம்பி." குரலில் அவ்வளவு இனிப்பு. அவளுக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

வந்தான். அதே பச்சை வண்டி. பானெட்டில் அதே பத்து விரல்கள்.

"வண்டியைக் கழுவறதே இல்லையா மீட்டர் சார்?"

"நேரம் கிடைக்கலைங்க," என்றான். காது நுனி மட்டும் சிவந்தது.

மீட்டர் மூன்றரை காட்டியது. அப்பா மீசையைத் தடவினார். "சொன்னேன்ல?"

அவன் குனிந்து, குழி ஓரத்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் சேறாக வந்தது. மழை பெய்து இரண்டு வாரமாகிறது. அவள் கண் தானாகச் சுவரோரம் போனது. கவிழ்த்து வைத்த வாளி. அதன் விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்...

அப்பா விடியற்காலையில் எழுந்து குழிக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார். மண் ஈரமானால் மீட்டர் எண் இறங்கிவிடும். முப்பத்திரண்டு வருட அனுபவம் இதற்கா கைகொடுக்க வேண்டும்.

இவன் கேட்டுவிடுவான். கேட்டால் அப்பா உடைந்துபோவார். 

"மூணரை இருக்குங்க ஐயா," என்றான் அவன் பணிவாக. "நாளைக்கு மத்தியானம் ஒரு தடவை பாத்துட்டுப் போட்டுடறேன்."

மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

"தண்ணி ஊத்தியிருக்கார்... தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"ஏன் கேக்கல?"

"உங்க முன்னாடி எப்படிங்க கேக்கறது... அவர் உங்க அப்பா."

அவ்வளவுதான் சொன்னான். செவ்வாய்க்கிழமை அதட்டி அனுப்பிய அந்த ஏதோ ஒன்று, இப்போது கதவைத் தட்டாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி போனாலும் போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனாள்.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் மெதுவாக. "பொய்யா வந்த வண்டியில என் செடி ஏற வேண்டாம்."

அவன் அவளை நேராகப் பார்த்தான். பிறகு ஏனோ தரையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். சுண்ணாம்புக் கோட்டுக்குள், எர்த் குழியைச் சுற்றி, தரையில் வட்ட வட்டமாகத் தடங்கள்.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தொட்டிங்க. நாப்பது தொட்டி. வண்டி நிக்க இடம் வேணும்னு அந்தப் பக்கம் மாத்திட்டேன். ஏழு மாசம் ஆச்சு."

"தினம் தண்ணி ஊத்துவீங்களா?"

"ரெண்டு வேளை."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். முதல் முறை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி அவள் கேட்க வந்ததை மறந்தாள்.

"உங்க அப்பா எர்த்ல ஒரு குறையும் இல்லீங்க. நீங்க தொட்டியை எடுத்தீங்க, மண்ணு காஞ்சுபோச்சு. வாங்க... ஐயாகிட்ட சொல்லணும்."

வெற்றிக் களிப்பில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் எதிரில் போய் நின்று, தொட்டி கதையை மட்டும் சொன்னான். வாளி கதையைத் தொடவே இல்லை. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். 

"வீடு கட்டும்போது உங்கம்மா அந்த மூலையிலதான் செடி வைப்பேன்னு ஒரே பிடிவாதம்," என்றார், மகளைப் பார்த்து. "எப்படியும் தினம் தண்ணி ஊத்துவா, எர்த் காயாதுன்னு நான் குழியை அங்க கொண்டுபோய்ப் போட்டேன். அவ போனப்புறம் நீ ஊத்தின. நானே மறந்துட்டேன் பாரேன்."

 அம்மா போய் ஆறு வருடத்தில், அப்பா அம்மாவைப் பற்றித் தானாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"நானும் எட்டு வருஷமா எர்த் போடறேன் ஐயா," என்றான் அவன். "இப்படி ஒரு யோசனை எனக்குத் தோணினதே இல்ல."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"அதான் தோணல." அப்பா எழுந்தார். "வாளி ரகசியத்தை நீ பொண்ணு முன்னாடி சொல்லாம விட்டதும் எனக்குத் தெரியும் தம்பி. அவ தொட்டிங்க இப்ப எங்க இருக்கோ அங்க ஒரு குழி போடுவோம். மேற்பார்வை நான். வெட்டறது நீ."

வெள்ளிக்கிழமை காலை குழி வெட்டினார்கள். 'இன்னும் ஆழம்', 'கரி இவ்வளவு போதாது' என்று அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார். அவன் மறுபேச்சு பேசாமல் வெட்டினான். அவள் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் நாலு தடவை வந்தாள்; ஐந்தாவது தடவை சொம்பே இல்லாமல் வந்தாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழைக்கு முன்னாடி மீட்டரை வை தம்பி. இல்லேன்னா ஈரத்துல குறைஞ்சதுன்னு நீயே ஒத்துக்க மாட்ட," என்றார் அப்பா.

மீட்டர் இரண்டே முக்கால் காட்டியது. அவன் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை ஃபோனில் படம் பிடித்து அனுப்பினான். சாயங்காலத்துக்குள் வண்டி வந்துவிடும் என்று பதில் வந்தது.

ஏழு மாதம் காத்திருந்த பதில். அவள் குதித்திருக்க வேண்டும். ஏனோ முகம் வாடிப்போனது. காகிதம் முடிந்தது, வேலை முடிந்தது... இனி எந்தச் சாக்கில் வருவான்?

"அப்ப... வரேங்க," என்றான் அவன்.

"ம்."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பினால் சத்தம்கூடக் கேட்காது. போய்விட்டானா இருக்கிறானா என்று தெரியாமல் அவள் தொட்டிகளுக்கு நடுவே நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று இலைகள்மேல் விழுந்தது. தாங்க முடியாமல் வாசலுக்கு ஓடினாள்.

அவன் போகவில்லை. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி, வண்டியின் பானெட்டைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தான். காற்று ஒரு முனையைத் தூக்க, இவன் ஓடிப்போய் அதைப் பிடிக்க, மறு முனை பறந்தது.

"வண்டிக்கு யாராவது குடை பிடிப்பாங்களா மீட்டர் சார்?"

திடுக்கிட்டுத் திரும்பினான். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம்.

"வண்டிக்கு இல்லீங்க..."

தார்ப்பாய் விலகிய இடத்தில் அவளுடைய சுண்டு விரல் அச்சு பாதி கரைந்திருந்தது.

"நேரம் கிடைக்கலைன்னு சொன்னது பொய்," என்றான் மழைச் சத்தத்துக்கு மேலே. "மூணு நாளா யாரையும் கழுவ விடல. செவ்வாய்க்கிழமை இந்த வண்டியைக் கட்டிக்கிட்டு கண்ணை மூடினீங்களே... அப்பவே எனக்கு எல்லாம் போச்சு. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்பா இருந்தா சொல்லிடுங்க, போயிடறேன்."

அவள் மழையில் இறங்கி அருகில் வந்தாள். அவன் கையிலிருந்த தார்ப்பாயை மெல்ல உருவினாள். மழை பானெட்டில் ஓடியது. பத்து விரல்களும் ஒவ்வொன்றாகக் கரைந்து வழிந்தன. அவன் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அழிஞ்சா என்ன," என்றாள். "ஆள் இங்கதானே இருக்கேன். தினம் வந்து வாங்கிக்கோங்க."

குனிந்து ஈர மண்ணை அள்ளினாள். இந்த முறை பானெட்டில் வைக்கவில்லை. அவன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு கையை அழுத்திப் பதித்தாள். அவன் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டான்... மழையில் நனையாமல்.

அவர்களுக்குப் பின்னால் இன்னொரு இலைப்பச்சை வண்டி சத்தமே இல்லாமல் வந்து நின்றது. இருவரும் திரும்பவில்லை. ஓட்டி வந்தவர் இறங்கி, வாசலில் குடையோடு நின்ற அப்பாவிடம் போனார்.

"சார், டெலிவரி... அந்த மேடம் கையெழுத்துப் போடணும். கூப்பிடுங்களேன்."

"கொஞ்சம் பொறுப்பா," என்றார் அப்பா. "ஏழு மாசம் நாங்க பொறுத்தோம்ல."