சாய்ந்து கிடந்த குப்பி

காலை 7.10. மூடிப்போன மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கத்து ஆய்வுக்கூடம். ரேக்கில் சாய்ந்து கிடந்த கண்ணாடிக் குப்பியை எடுத்து, அதற்குள் பெட்டைப் பழ ஈ ஒன்றை விட்டார் டாக்டர் பாக்கியவதி. உள்ளே இருந்த ஆண் ஈக்கள் அதைத் துரத்தத் தொடங்கின. டாக்டர் அலறிவிட்டார்.

மற்றவர்களுக்கு இது இயல்பான காட்சி. அவருக்கோ பேரிடி. ஆறு வருடம் பாடுபட்டு அவர் உருவாக்கிய ஆண் ஈக்கள் மரபணு மாறியவை; பெட்டையை ஏறிட்டும் பார்க்காமல் ஒன்றையொன்று துரத்தும். ஆக, லேபிள் அவருடையது, ஈக்கள் வேறு. இந்த ரக ஈக்கள் இருந்த மற்றக் குப்பிகள் போன வாரமே பூஞ்சை பிடித்து அழிந்திருந்தன. திங்கட்கிழமை வல்லுநர் குழு வருகிறது. காட்ட ஈ இல்லையென்றால் கூடத்துக்குப் பூட்டுதான்.

8.30. சப்-இன்ஸ்பெக்டர் செல்வமணி வந்தபோது வாட்ச்மேன் டென்சிலின் பை மேசைமேல் கொட்டிக் கிடந்தது. துண்டு, டார்ச்; பிரஷர் மாத்திரைகள் தரைவரை சிதறியிருந்தன. கொட்டியவர் டாக்டர். சாவி டென்சிலிடம்தானே!

"ஈயத் திருடி நான் இன்னா சார் பண்ணப் போறேன்?" என்றார் டென்சில். "எங்க தாத்தா ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா, தங்கம் இருக்குதான்னு தினம் தடவிப் பார்த்தாங்க. மைன்ஸே மூடிட்டாங்க. தடவுறத மட்டும் வுடல."

"நேத்து சாயங்காலம் எங்க போனீங்க?"

"ஏழு மணிக்கு டீக்கடை. இருவது நிமிசம். சாவி ஆணில தொங்கும். எல்லாருக்கும் தெரியும் சார்."

ஈக்களுக்குக் கூழ் காய்ச்சும் சுமா நாலு மணிக்கே போய்விட்டாளாம். "ஈயக் கண்டாலே எனக்குக் கொமட்டும் சார். தொட்டதே இல்ல."

ஆய்வு மாணவன் கிரிஷ் போனது ஐந்துக்கு. தோள்பையைக் கழற்றாமலே பேசினான். "டென்சில் மேலதான் டவுட் சார். நான் போலாமா? பெங்களூர் ட்ரெயினுக்கு டைம் ஆச்சு."

டாக்டர் அந்த வேற்று ஈக்களை மயக்கி எண்ணிக் குப்பிக்குள் போட்டு, அதை மேசையில் சாய்த்து வைத்திருந்தார். ஏதோ விழுந்து கிடக்கிறது என்று டென்சில் அதை நிமிர்த்தி வைத்தார். கிரிஷ் பாய்ந்து மறுபடி சாய்த்தான்.

"அய்யோ! மயக்கம் தெளியல. நிமிர்த்துனா அடியில இருக்கிற கூழ்ல ஒட்டிச் செத்துடும்!"

"எப்பத் தெளியும்?" என்றார் செல்வமணி.

"கால் மணி நேரம் ஆகும்."

செல்வமணி டாக்டரிடம் திரும்பினார். "காலைல இது எப்படி இருந்துச்சு?"

"சாஞ்சு கிடந்தது. ஆனா ஆறு மணிக்கு எல்லாத்தையும் நிமிர்த்தி அடுக்கிட்டுத்தான் போனேன்." சொல்லும்போதே டாக்டரின் பார்வை கிரிஷ் பக்கம் திரும்பியது.

"பையத் திறங்க, கிரிஷ்."

கிரிஷ் தோள்பையை இறுகப் பிடித்துக்கொண்டான். செல்வமணி தொடர்ந்தார்.

"டென்சில் மாத்தியிருந்தா நிமிர்த்தி வெச்சிருப்பாரு. இப்பத்தான் பார்த்தோமே. சுமா ஈயத் தொட மாட்டா. லேபிள் அதேதான் இருக்கணும்னு அதே குப்பில வேற ஈய மயக்கிப் போட்டு, அது சாகக் கூடாதுன்னு சாச்சு வெச்சது பழகின கை. தெளியிற வரைக்கும் நின்னு நிமிர்த்த உங்களுக்கு நேரமில்ல. டீக்கடைலேந்து ஆள் வந்துடுமே!"

கிரிஷின் பையிலிருந்த டிபன் டப்பாவுக்குள் கைக்குட்டை சுற்றிய குப்பி இருந்தது. உள்ளே ஆண் ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்த் துரத்திக்கொண்டிருந்தன.

"பெங்களூர்ல ஒரு லேப்ல... இதக் கொண்டாந்தா வேலைன்னாங்க," என்று முனகினான் கிரிஷ்.

டாக்டர் குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் டென்சில் நிற்பது கண்ணில் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிடுங்க, டென்சில்."

"அது இருக்கட்டும் டாக்டரம்மா. கொட்டுனீங்களே, அத உங்க கையால எடுத்து உள்ள போட்டுக் குடுங்க."

டாக்டர் குனிந்து, தரையில் சிதறிய மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.