யாராவது முடிங்களேன்!

ஒரு பாட்டு எத்தனை நிமிடம் இருக்கலாம்? மூன்று நிமிடம். சரி, போனால் போகிறது, ஐந்து நிமிடம். எங்கள் வீட்டு ஆட்கள் அதே பாட்டை நாற்பத்தைந்து நிமிடமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கடற்கரை மணலில் பலகை போட்டு மேடை. மேடையில் நான்கு பேர். கிடார் அப்பா, கீபோர்டு அம்மா, டிரம்ஸ் பெரியப்பா, பேஸ் கிடார் மாமா. இந்த மாதிரிக் குழுவுக்கு ஜாம் பேண்ட் என்று பெயர். ரொட்டியில் தடவும் ஜாமுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எதையும் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க மாட்டார்கள். ஒருவர் ஒரு சின்ன மெட்டை எடுப்பார், மற்ற மூவரும் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். எங்கே போய் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் இந்தக் குழுவுக்கு 'தொடரும்' என்று பட்டப்பெயர்.

நான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். மணி ஐந்து இருபத்தைந்து.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் தெரியுமா? அடுத்த பாட்டு என்னுடையது. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டது. பெயர் 'ஒற்றைச் செருப்பு'. சரியாக இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. அதற்கு ஆரம்பம் உண்டு, நடு உண்டு, முக்கியமாக முடிவு உண்டு. போன கோடையிலேயே பாடியிருக்க வேண்டியது. அப்போதும் இவர்கள் முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றார்கள். அந்த அடுத்த வருஷம்தான் இது.

கடற்கரைக் காவலர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"ஆறு மணிக்கு மேல தண்ணி மேடை வரைக்கும் ஏறிடும். ஆறுக்கு டான்னு கரண்டை நிறுத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து கெஞ்சக் கூடாது."

இப்போது அவர் ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டமும் சோர்ந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு குடும்பங்கள் பாயைச் சுருட்டின.

நான் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். குதித்தேன். கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். யார் பார்த்தால்தானே? நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் பெரியப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நிமிடம் தாமதமாகப் போனால்கூட விட்டுவிட்டுப் போய்விடுவார், என்னையும் சேர்த்துத்தான். டிரம்ஸில் உட்கார்ந்தால் மட்டும் அவருக்கு மணி என்றால் என்னவென்றே தெரியாது.

சும்மா குதித்துப் பயன் இல்லை. தண்ணீர் பாட்டிலில் ஒரு உறிஞ்சுகுழலைப் போட்டு எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன். கை ஓயாமல் வாசிக்கிறவர்களுக்கு அப்படித்தான் தண்ணீர் கொடுக்க முடியும்.

முதலில் அப்பா. குழலை வாயில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே உறிஞ்சினார்.

"அப்பா, எப்ப முடிப்பீங்க?" என்று காதில் கத்தினேன்.

"நானா? எனக்கு விரலெல்லாம் எரியுதும்மா குட்டி. ஆனா பெரியப்பா இடுப்பு வலின்னு ஆறு மாசமா டிரம்ஸையே தொடல. இன்னிக்குத்தான் உட்கார்ந்திருக்கார். ஆசை தீர வாசிக்கட்டும். அவர் நிறுத்தினதும் நான் நிறுத்திடுவேன்."

சரி, பெரியப்பாதான் காரணம். அவரிடம் போனேன். சட்டை முழுக்க வியர்வை. பாதிப் பாட்டிலைக் காலி செய்தார்.

"பெரியப்பா, போதுமே!"

"எனக்குப் போதும்னு அரை மணி நேரமா தோணுதும்மா. இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா உங்கம்மாவைப் பாரு. நாள் முழுக்க மருந்துக்கடையில நின்னுட்டு வர்றா. இங்கதான் கொஞ்சம் சிரிக்கிறா. அதை நான் கெடுக்கலாமா? அவ முடிக்கட்டும்."

எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அம்மாவிடம் போனேன்.

"நான் முடிக்கணுமா? நல்லா இருக்கே!" என்றாள் அம்மா. "என் கால் மரத்துப் போச்சுடி. உன் மாமாவுக்காகத்தான் வாசிக்கிறேன். நாளன்னிக்குக் கப்பலுக்குக் கிளம்பிடுவான். அங்க போனா ஒரு வருஷம் சமையல்கட்டே கதின்னு கிடக்கணும். பாவம், மனசு நிறைய வாசிக்கட்டும்."

கடைசியாக மாமா. அவரிடம் கேட்பதற்கு முன்பே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான் முகத்தைப் பாரேன்!" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "எப்படி ரசிச்சு வாசிக்கிறார்! இந்த நேரத்துல நான் போய் நிறுத்தினா நல்லாவா இருக்கும்?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது ரசனை இல்ல. விரல் எரிச்சல்!"

மாமாவின் கண் சட்டென்று திறந்தது.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கடற்கரையில் சுவர் இல்லாததால் தப்பித்தேன். நான்கு பேருக்கும் போதும். நான்கு பேருக்கும் வலிக்கிறது. ஆனால் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, கூட்டத்தையே படுத்தி எடுக்கிறார்கள்! இவர்கள் கெட்டவர்களாக இருந்தால் நன்றாகத் திட்டியாவது இருக்கலாம். இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் என்னதான் செய்வது?

மைக்கில் போய் எல்லா உண்மையையும் போட்டு உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கூட்டம் சிரிக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் பெரியப்பாவைப் பார்த்தும் சிரிக்கும். வேண்டாம்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினேன். இந்த முறை கேட்கவில்லை, சொன்னேன்.

"அப்பா, பெரியப்பாவுக்கு அரை மணி நேரமா இடுப்பு வலிக்குதாம்."

"பெரியப்பா, அம்மாவுக்குக் கால் மரத்துப் போச்சாம்."

"அம்மா, மாமா அப்பாவுக்காகத்தான் வாசிக்கிறாராம்."

"அடக் கடவுளே!" என்றாள் அம்மா.

இப்போது எட்டுக் கண்களும் திறந்திருந்தன. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். ஆனால் வாசிப்பு நின்றதா? இல்லை! இப்போது நான்கு பேருக்கும் முடிக்க ஆசை, யார் முதலில் முடிப்பது என்றுதான் தெரியவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா 'நீங்க முதல்ல' என்று பெரியப்பாவுக்குத் தலையாட்டினாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

மணி ஐந்து நாற்பத்து நான்கு.

"இங்க பாருங்க!" என்று கத்திக்கொண்டே நடுமேடையில் போய் நின்றேன். நான்கு விரலை உயர்த்தினேன். பிறகு மூன்று. இரண்டு. ஒன்று. கையை இறுக்கி மூடினேன்.

டம்!

நின்றுவிட்டது. ஒரே நேரத்தில், நான்கும்.

கடல் இரைச்சல் அப்போதுதான் கேட்டது. செய்தித்தாள்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு கூட்டம் கைதட்டியதே, அப்படி ஒரு கைதட்டல். பாட்டுக்காகவா, முடிந்ததற்காகவா என்று நான் கேட்கப் போவதில்லை.

"அடுத்தது ஒற்றைச் செருப்பு," என்றேன் மைக்கில். "இதுக்கு முடிவு இருக்கு. பயப்படாதீங்க."

பாய் சுருட்டிய குடும்பங்கள் சிரித்துக்கொண்டே பாயை மறுபடி விரித்தன. பெரியப்பா குச்சியால் நான்கு தட்டுத் தட்டினார். நான் பாடினேன்.

"ஒத்தைச் செருப்பே, ஒத்தைச் செருப்பே,
உன் ஜோடி எங்கே போச்சு?
அலை வந்து வான்னு கேட்டுச்சு,
அதோட கிளம்பிப் போச்சு!"

இரண்டாவது முறை பாடும்போது முன்வரிசைக் குழந்தைகள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது முறை பெரியவர்களும். செய்தித்தாள்காரர் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டினார்.

இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. முடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் கையை உயர்த்தினேன். நான்கு பேரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா விரலை மறந்துவிட்டார். நாளன்னிக்குக் கப்பலுக்குப் போகிற மாமா, சின்னப் பையன் மாதிரிக் குதித்துக் குதித்து வாசித்தார்.

கையை மூடினால் போதும், முடிந்துவிடும். மூட வேண்டியது நான்தான்.

என்னால் முடியவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டி, இன்னும் ஒரு சுற்று என்று காட்டினேன்.

நான் முடிக்கவே இல்லை, காவலர் வந்து கரண்டை நிறுத்தித்தான் என்னை நிறுத்தினார் என்று மாமா கப்பலிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். நம்பாதீர்கள். முடித்தது நான்தான், என் கையால். சரியாக ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு.